திமிர், துடுக்கு, துணிச்சல்: இங்கிலீஷ்ல எந்த இடத்துல எந்த வார்த்தை போடணும்

தமிழ்க் கதையை இங்கிலீஷுக்குக் கொண்டு போறவங்க, படத்துக்கு சப்டைட்டில் எழுதுறவங்க, ஏன், இங்கிலீஷ்ல நாலு வரி உணர்ச்சியோட எழுதணும்னு ஆசைப்படுறவங்க எல்லாருமே ஒரு இடத்துல கண்டிப்பா முட்டிக்கிட்டு நிப்பாங்க, அது "என்ன திமிர் உனக்கு"ங்கிற வரி. நிறைய பேர் கண்ணை மூடிக்கிட்டு அரகன்ட்னு போட்டுட்டுப் போயிடுறாங்க. ஆனா பேரன் பண்ற சேட்டையைப் பார்த்து பாட்டி சிரிச்சுக்கிட்டே "திமிரப் பாரு இவனுக்கு"ன்னு சொல்றதுக்கும், தோள்ல போட்ட துண்டை இறக்காம நிக்கிறவனைப் பார்த்து பண்ணையார் சொல்றதுக்கும், பழைய கடனையே திருப்பித் தராதவன் புதுசா கடன் கேட்டு வரும்போது நாம சொல்றதுக்கும் அரகன்ட் எதுலயும் சரியா உட்காராது. முதலாவதுக்கு சீக்கி, ரெண்டாவதுக்கு இன்சலன்ட், மூணாவதுக்கு கால், அதாவது கால் பிளாடர்னு சொல்றோமே பித்தப்பை, அந்த கால். ஏன் அப்படின்னு புரியணும்னா இந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பார்க்கணும், பார்த்துட்டீங்கன்னா மனப்பாடம் பண்ற வேலையே இல்ல.

முதல் வேலை, டிக்ஷனரியைத் திறக்கிறதுக்கு முன்னாடி, பேசுறது யாரு யாரைப் பார்த்துன்னு நிதானமா யோசிங்க. என்னைக் கேட்டா இதுதான் மொத்த விஷயத்துக்கும் சாவி. இந்த வார்த்தைகள்ல முக்கால்வாசி, செஞ்சவன் என்ன செஞ்சான்னு சொல்றதை விட சொல்றவன் எந்தப் படியில நிக்கிறான்னுதான் சொல்லுது. ஒரே செயல்தான், மேல இருக்கிறவன் அதை இம்புடென்ஸ்னு சொல்லுவான், கூட்டாளி அதை கட்ஸ்னு சொல்லுவான், ஐம்பது வருஷம் கழிச்சு வரலாறு எழுதுறவன் கரேஜ்னு எழுதுவான்.

இதுக்கு எனக்குத் தெரிஞ்சு ரொம்ப அழகான சாட்சி 1813ல ஜேன் ஆஸ்டின் எழுதின பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் நாவல்ல, கடைசிப் பக்கங்கள்ல இருக்கு. கல்யாணம் நிச்சயமான பிறகு எலிசபெத் டார்சிகிட்ட கேக்குறா, உண்மையைச் சொல்லுங்க, என்னோட இம்பர்டினன்ஸ் பிடிச்சுத்தானே என்னை விரும்புனீங்கன்னு. அவன் இல்ல, உன் மனசோட துறுதுறுப்புக்காகன்னு சொல்றான். அவ விடல, அதை நேரா இம்பர்டினன்ஸ்னே சொல்லிடலாம், ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்கிறா. பணமும் அந்தஸ்தும் உள்ளவன்கிட்ட அவ சரிக்குச் சரியா வாய் கொடுத்துப் பேசினதுக்கு ரெண்டு பேர் வச்ச பேரு வேற வேற, அவ தன்னைப் பத்தி ஊர் என்ன சொல்லுமோ அந்தப் பேரை எடுத்துக்கிட்டா, அவன் காதலிக்கிறவன் சொல்ற பேரை எடுத்துக்கிட்டான். நீங்க எழுதும்போதும் இதே கேள்விதான், யாரோட கண்ணு வழியா இந்த வரி வருது?

இம்பர்டினன்ட்ங்கிற வார்த்தையையே எடுத்துக்கோங்க. லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா 14ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்தப்போ அதுக்கு அர்த்தம் சம்பந்தமில்லாததுன்னு மட்டும்தான், திட்டே கிடையாது. சம்பந்தமில்லாத விஷயத்துல மூக்கை நுழைக்கிறவன்னு கொஞ்சம் நகர்ந்து, பிறகு மரியாதை தெரியாதவன்னு 17ஆம் நூற்றாண்டுல வந்து நின்னுது. பழைய அர்த்தம் இன்னும் சாகல, அமெரிக்க ஃபெடரல் கோர்ட் சிவில் விதிகள்ல 12ஆம் விதி, எஃப் பிரிவுப்படி மனுவுல இருக்கிற இம்பர்டினன்ட் விஷயத்தை நீதிபதி அடிச்சுத் தூக்கலாம், அங்க அது வழக்குக்குத் தேவையில்லாததுன்னுதான் அர்த்தம், யாரும் யாரையும் அவமானப்படுத்தினதா இல்ல. நம்ம ஊர்ல அதிகப்பிரசங்கின்னு ஒரு வார்த்தை இருக்கே, உன்கிட்ட கேக்காத விஷயத்துல நீ ஏன் பேசுறேங்கிற தொனி, அதுக்கு இதை விடப் பொருத்தமா ஒண்ணு கிடைக்காது. பெரியவங்க பேச்சுக்கு நடுவுல குறுக்க பேசுற பையன், மேனேஜர்கிட்ட சம்பளம் எவ்ளோன்னு கேக்குற புது ஆள், இவங்களுக்கெல்லாம் இம்பர்டினன்ட். அடிப்படை சோதனை இதுதான்: "இது உனக்குச் சம்பந்தமில்லாதது"ன்னு சொல்ல முடியுதா, அப்போ இம்பர்டினன்ட்.

இன்சலன்ட் அதை விட சூடு ஜாஸ்தி. லத்தீன்ல வழக்கமில்லாததுங்கிற வேர், வழக்கத்தை மீறினவன், வரம்பை மீறினவன்னு போகுது. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா பழைய இங்கிலீஷ் எழுத்துல இன்சலன்ஸ் மேல இருந்து கீழயும் பாயும். ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் தன் தனிமைப் பேச்சுல வாழ்க்கையில தாங்க முடியாத விஷயங்களை அடுக்கும்போது அதிகாரத்துல இருக்கிறவங்களோட இன்சலன்ஸையும் ஒண்ணா சேர்த்துச் சொல்றான், தாலுகா ஆபீஸ் ஜன்னல்ல நின்ன யாருக்கும் அது புரியும். இன்னைக்கு அந்தப் பக்கம் தேய்ஞ்சு போச்சு, இப்போ இன்சலன்ட்னா பெரும்பாலும் கீழ இருக்கிறவன் மேல இருக்கிறவனை மதிக்காம நடந்துக்கிறதுதான். பிரிட்டிஷ் ராணுவத்துல டம்ப் இன்சலன்ஸ்னு ஒரு பேச்சே உண்டு, அதாவது சிப்பாய் வாயைத் திறந்து ஒரு வார்த்தை தப்பா சொல்லியிருக்க மாட்டான், உத்தரவையும் மீறியிருக்க மாட்டான், ஆனா நிக்கிற நிலை, பார்க்கிற பார்வை, பதில் சொல்றதுக்கு முன்னாடி விடுற ஒரு சின்ன இடைவெளி, அதுலயே அதிகாரிக்கு ரத்தம் கொதிச்சிடும். நம்ம கதைகள்ல இந்த மாதிரி ஆளுங்க ஏராளமா வர்றாங்க, எதிர்த்துப் பேச முடியாத இடத்துல உடம்பாலயே எதிர்த்து நிக்கிறவங்க. அந்த மாதிரி இடம் வந்தா தயவுசெஞ்சு ரூட்னு போட்டுத் தேய்க்காதீங்க, டம்ப் இன்சலன்ஸ்னு போட்டா அந்த மௌனத்தோட கனம் அப்படியே இங்கிலீஷ்ல வந்துடும்.

ரெண்டாவது கேள்வி, பிரச்சனை வெட்கமில்லாததா, இல்ல பயமில்லாததா? இந்த ரெண்டையும் தமிழ்ல நாம தெளிவா பிரிச்சு வச்சிருக்கோம், வெட்கங்கெட்டவன் வேற, துணிஞ்சவன் வேற, இங்கிலீஷ்லயும் ரெண்டு தனித்தனி குடும்பம் இருக்கு, ஆனா ரெண்டும் அடிக்கடி கலந்துக்கும்.

வெட்கமில்லாத குடும்பத்துக்கு மூத்தவர் இம்புடென்ட், லத்தீன்ல வெட்கப்படுறதுங்கிற வினைச்சொல்லுக்கு முன்னாடி இல்லைங்கிறதைச் சேர்த்தது. 14ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலீஷுக்கு வந்தப்போ ஒழுக்கக்கேடு வரைக்கும் அதுல அடங்கும், இப்போ அந்த வாடை போயி, சின்னவன் பெரியவன்கிட்ட கூச்சமே இல்லாம நடந்துக்கிறதுன்னு ஆகிடுச்சு. கொஞ்சம் பழைய ஸ்கூல் ஹெட்மாஸ்டர் வாயில வர்ற வார்த்தை, அதனால வயசான பாத்திரம் பேசுற இடத்துல நல்லா இருக்கும், காலேஜ் பொண்ணு வாயில போட்டா ஒட்டாது.

இந்தக் குடும்பத்துல மீதி எல்லாம் முகத்துல இருந்து வந்தது, இதை நினைவுல வச்சுக்கோங்க, வெட்கம் தெரியுற இடம் முகம், அதனால வெட்கமில்லாதவனோட முகம் வேற எதாலயோ செஞ்சது. எஃப்ரன்ட்டரிங்கிற வார்த்தைக்குள்ள நெற்றிக்கான லத்தீன் சொல் இருக்கு, 1700 வாக்குல பிரெஞ்சுல இருந்து வந்தது. பேர்ஃபேஸ்ட் லைனா மூடி மறைக்காத முகத்தோட சொல்ற பச்சைப் பொய். பிரேசன்னா பித்தளையால ஆனதுன்னு அர்த்தம், பழைய இங்கிலீஷ்ல உலோகத்தை மட்டும் குறிச்ச சொல், 16ஆம் நூற்றாண்டுல இருந்து பிரேசன்ஃபேஸ்டுன்னு மனுஷன் முகத்துக்கு ஏறிச்சு, கிங் லியர் நாடகத்துல கென்ட் அதை வச்சே ஒருத்தனை வறுத்தெடுக்கிறான். இதோட வேர் இன்னும் பின்னாடி போகுது, பைபிள்ல ஏசாயா 48ஆம் அதிகாரத்துல கடவுள் ஜனங்களோட பிடிவாதத்தைச் சொல்லும்போது உன் பிடரி நரம்பு இரும்பு, உன் நெற்றி வெண்கலம்ங்கிறார், 1611ல வந்த இங்கிலீஷ் பைபிள்ல அந்த நெற்றிக்கு பிராஸ்னு போட்டிருக்காங்க. தமிழ் பைபிள் படிச்சவங்களுக்கு இந்த உருவகம் புதுசே இல்ல.

போல்ட் அஸ் பிராஸ்னு ஒரு சொலவடை இருக்கு, அதுக்குப் பின்னாடி சொல்ற கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 1771ல லண்டன் மேயரா இருந்தவர் பேரு பிராஸ் கிராஸ்பி, நிஜப் பேரே அதுதான். அந்தக் காலத்துல பார்லிமென்ட்ல என்ன பேசினாங்கன்னு பத்திரிகையில அச்சடிக்கிறது குத்தம். அப்படி அச்சடிச்ச ஒருத்தரைப் பிடிக்க பார்லிமென்ட் ஆள் அனுப்புது, மேஜிஸ்திரேட்டா உட்கார்ந்த கிராஸ்பி அச்சுக்காரரை விட்டுட்டு, பிடிக்க வந்தவன் மேலயே நடவடிக்கை எடுத்துட்டார். பார்லிமென்ட் கொதிச்சுப் போயி மேயரைக் கூப்பிட்டு விசாரிச்சு லண்டன் டவர் ஜெயில்ல போட்டுச்சு. ஊரே அவர் பக்கம் திரண்டது, சில வாரத்துல வெளிய வந்தார், அதுக்கப்புறம் பார்லிமென்ட் பேச்சை அச்சடிக்கிறவங்க மேல அந்த மாதிரி கை வைக்கிறது நின்னு போச்சு. லண்டன்ல செயின்ட் ஜார்ஜஸ் சர்க்கஸ்னு ஒரு இடத்துல அவர் பேர் பொறிச்ச கல் தூண் இன்னும் நிக்குது. போல்ட் அஸ் பிராஸ் இவர் பேர்ல இருந்துதான் வந்ததுன்னு நிறைய இடத்துல எழுதுறாங்க, கேக்க அருமையா இருக்கு, ஆனா பித்தளை முகம்ங்கிற உருவகம் அவருக்கு 160 வருஷத்துக்கு மேல முன்னாடியே ஷேக்ஸ்பியர் நாடகத்துல இருக்கு. அதனால மேயரைப் பத்திப் பேசணும்னா துணிச்சலுக்காகப் பேசுங்க, சொல்லோட பிறப்புக்கு அவரை ஆதாரமா காட்டாதீங்க. ஆனா ஒண்ணு பாருங்க, பார்லிமென்ட் உறுப்பினர்களுக்கு அவர் செஞ்சது எஃப்ரன்ட்டரி, தெருவுல நின்ன ஜனத்துக்கு அது கரேஜ், நான் முதல்ல சொன்ன படிக்கட்டு விஷயம் இங்கயும் வந்து நிக்குது.

பிரேசனை எப்போ போடணும்? பட்டப்பகல்ல, எல்லாரும் பார்க்கும்போது, மறைக்கிற முயற்சியே இல்லாம செய்ற தப்புக்கு. நடு ரோட்டுல திருட்டு, மேடையில நின்னு பொய், இதெல்லாம் பிரேசன். எஃப்ரன்ட்டரி எழுத்துல வர்ற வார்த்தை, தலையங்கத்துலயும் வக்கீல் லெட்டர்லயும் நல்லா இருக்கும், சண்டையில யாரும் அதைக் கத்த மாட்டாங்க.

அடுத்து பேச்சு இங்கிலீஷ்ல நிஜமா புழங்குற வார்த்தைகளுக்கு வருவோம், அதுங்க எல்லாமே கிட்டத்தட்ட உடம்போட ஒரு ஒரு பாகம். கன்னம், உதடு, கழுத்து, நரம்பு, பித்தம், குடல். நாம கொழுப்புங்கிறோம், வாய்க்கொழுப்புங்கிறோம், நெஞ்சழுத்தம்ங்கிறோம், தலைக்கனம்ங்கிறோம், அதே கதைதான்.

சீக், அதாவது கன்னம், 1840 வாக்குல துடுக்குங்கிற அர்த்தத்துல பிரிட்டன்ல புழக்கத்துக்கு வந்தது, இருக்கிறதுலயே லேசானது, நம்ம குசும்புக்கு ரொம்பக் கிட்ட. சீக்கின்னு சொன்னா சொல்றவன் பாதி சிரிக்கிறான்னு அர்த்தம். பிள்ளைகளுக்கு, நண்பர்களுக்கு, கிண்டலுக்கு தாராளமா போடலாம். இப்போ பிரிட்டன்ல இது இன்னும் இளகி, சாயங்காலம் யாருக்கும் சொல்லாம போய் ஒரு பீர் அடிக்கிறதைக் கூட சீக்கி பைன்ட்ங்கிறாங்க, அங்க துடுக்கே கிடையாது, சின்னதா ஒரு திருட்டுச் சந்தோஷம், அவ்ளோதான். ஆனா "வாட் எ சீக்"னு தனியா சொன்னா அது கோபம், அதையும் இதையும் குழப்பிக்காதீங்க.

லிப், அதாவது உதடு, 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல வந்த பேச்சு வழக்கு, எதிர்த்துப் பேசுற வாய்க்கு மட்டும். "டோன்ட் கிவ் மீ எனி லிப்"னு சொன்னா வாயை மூடுன்னு அர்த்தம், வாய்க்கொழுப்புக்கு நேரா இதைப் போடலாம், அமெரிக்கப் பாத்திரம்னா ஸேஸ்னு போடுங்க. பேக்சாட், பேக்டாக் ரெண்டும் இதே வேலைதான் செய்யும், முதலாவது பிரிட்டிஷ், ரெண்டாவது அமெரிக்கன். நெக், பிராஸ் நெக், இதெல்லாம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வட இங்கிலாந்து பக்கம், அந்த ஊர் ஆள் பேசினாதான் எடுபடும்.

நெர்வ்தான் இங்க பெரிய ஆளு. லத்தீன்ல தசைநார், வில்லோட நாண் வரைக்கும் அந்தச் சொல் குறிக்கும், அதுல இருந்து பலம், உறுதின்னு வந்து, 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பதறாத தைரியம்னு ஆச்சு, அந்த நூற்றாண்டு முடியறப்போ "என்ன தைரியம் இருந்தா இப்படிப் பண்ணுவே"ங்கிற தைரியமாவும் ஆகிடுச்சு. நம்ம தைரியம்ங்கிற சொல் ரெண்டு பக்கமும் வெட்டுதே, அதே மாதிரி. அதனால "உனக்கு எவ்ளோ தைரியம்"னு வில்லன் கத்துற இடத்துல கரேஜ் போடவே கூடாது, அது பாராட்டு ஆகிடும், "யூ ஹேவ் சம் நெர்வ்" இல்ல "தி நெர்வ்!" அவ்ளோதான். ஒருமை பன்மையும் பாருங்க, நெர்வ்னா துணிச்சல், நெர்வ்ஸ்னா பதட்டம், ஒரு எழுத்துல அர்த்தம் தலைகீழா போயிடும்.

கால், பித்தம், பழைய இங்கிலீஷ்லயே இருக்கிற சொல். உடம்புல நாலு திரவம் இருக்கு, அதோட கூடுதல் குறைச்சல்தான் மனுஷனோட குணம்னு ஐரோப்பாவுல ரொம்ப காலம் நம்பினாங்க, அதுல பித்தம் கசப்புக்கும் கோபத்துக்கும் உரியது, பித்தம் தலைக்கேறிச்சுன்னு நாம சொல்றதைப் பார்த்தா இது ஒண்ணும் தூரமில்ல. திமிர்ங்கிற அர்த்தம் 1880கள்ல அமெரிக்கப் பேச்சுல வந்தது. இதுல சிரிப்பே கிடையாது. சீக்னா ரசிக்கலாம், நெர்வ்னா கோபத்தோட ஒரு ஆச்சரியமும் கலந்திருக்கும், கால்னா சொல்றவனுக்கு வயிறு எரியுதுன்னு அர்த்தம். துரோகம் பண்ணிட்டு அதே வீட்டு கல்யாணத்துல முன் வரிசையில வந்து உட்கார்றவனுக்கு கால்.

இந்த இடத்துல ஒரு இலக்கணத்தைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. "ஹேட் தி ... டு"ங்கிற அச்சு, நடுவுல சீக், நெர்வ், கால், ஃபேஸ், ஆடாசிட்டி, எஃப்ரன்ட்டரி, டெமரிட்டி எதை வேணா வைக்கலாம், வச்ச உடனே அது திட்டாகிடும். ஆடாசிட்டிதான் இதுக்கு சரியான உதாரணம். துணியுறதுங்கிற லத்தீன் வினையில இருந்து வந்த சொல், தனியா விட்டா பெரும்பாலும் பாராட்டு. 1792 செப்டம்பர்ல எதிரிப் படை பாரீஸை நோக்கி வந்துக்கிட்டிருந்தப்போ பிரெஞ்சுப் புரட்சித் தலைவன் தான்தோன் எழுந்து துணிச்சல், மேலும் துணிச்சல், எப்போதும் துணிச்சல்னு பேசினானே, அதுல பிரெஞ்சுல இருக்கிறது இதே சொல்தான். 2006ல வந்த ஒபாமா புத்தகத்தோட தலைப்புலயும் இது நம்பிக்கையோட ஒட்டிக்கிட்டு நிக்குது. ஆனா "ஹி ஹேட் தி ஆடாசிட்டி டு ஆஸ்க் ஃபார் மோர்"னு எழுதிப் பாருங்க, அடுத்த நொடியே திட்டு. ஆடேஷஸ் பிளான்னா அசத்தலான திட்டம், அதனால பாராட்டணும்னா பெயரடையா போடுங்க, திட்டணும்னா அந்த அச்சுல போடுங்க. நெர்வுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு, "ஹேட் தி நெர்வ் டு ஜம்ப்"னா குதிக்கிற தைரியம் இருந்ததுன்னும் வரும், சூழலைப் பார்த்துதான் பிரிக்கணும். டெமரிட்டி குருட்டுத் துணிச்சல், கண்ணு தெரியாம பாயுறதுன்னு லத்தீன் வேர், அதனால பலம் பத்தாதவன் பெரிய இடத்துல மோதுற காட்சிக்கு அதை வைங்க.

துணிச்சலைப் பாராட்டுற பக்கம் போனா கட்ஸ் நமக்கே தெரியும், "கட்ஸ் இருந்தா வா"ன்னு தமிழ்லயே பேசுறோம். பிளக் அதுக்கு அண்ணன், கசாப்புக்கடையில உருவி எடுக்கிற ஈரல், நுரையீரல், இதயம் மொத்தத்துக்கும் அந்தப் பேரு, 18ஆம் நூற்றாண்டு கடைசியில குத்துச்சண்டைக்காரங்க பேச்சுல தைரியம்னு ஆச்சு, விக்டோரியா காலத்துல மரியாதையான சொல்லாவே மாறிடுச்சு. சின்ன உருவம், பெரிய எதிரி, அப்படிப்பட்ட இடத்துல பிளக்கி அழகா இருக்கும். மாக்ஸின்னு ஒண்ணு இருக்கு, அது குளிர்பானத்தோட பேரு. அகஸ்டின் தாம்சன்னு ஒரு டாக்டர் மாசச்சூசெட்ஸ் மாநிலம் லோவெல் ஊர்ல 1876ல நரம்புக்கு மருந்துன்னு சொல்லி வித்தார், கசப்பான ஜென்ஷன் வேர் போட்டது, பத்து வருஷத்துக்குள்ள சோடாவா மாறி அமெரிக்கா முழுக்க விளம்பரம் ஓடி, 1930 வாக்குல அந்தப் பேரே தைரியம், துடிப்புன்னு அர்த்தமாகிடுச்சு. 2005ல மெயின் மாநிலம் அதைத் தன்னோட அதிகாரபூர்வ குளிர்பானமா அறிவிச்சது. அமெரிக்கச் சூழல்ல, 20ஆம் நூற்றாண்டு கதையில மட்டும் மாக்ஸி போடுங்க, விக்டோரியா லண்டன்ல போட்டா தெரிஞ்சவங்க முகம் சுளிப்பாங்க.

ஹுட்ஸ்பாவுக்குத் தனியா ஒரு பத்தி கொடுத்தே ஆகணும். ஹீப்ரூவுல இருந்து, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசின இத்திஷ் மொழி வழியா, குடியேறி வந்த யூதர்களோட 19ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலீஷுக்குள்ள வந்த சொல். லியோ ராஸ்டன்ங்கிறவர் 1968ல கொடுத்த விளக்கத்தை இன்னைக்கும் எல்லாரும் எடுத்துச் சொல்றாங்க: அப்பா அம்மாவைக் கொன்னுட்டு, கோர்ட்ல நின்னு நான் அநாதை, கருணை காட்டுங்கன்னு கேக்குறவனுக்கு இருக்கிறதுதான் ஹுட்ஸ்பா. இத்திஷ்ல இது நல்ல பேரே இல்ல, அமெரிக்க இங்கிலீஷ்ல கொஞ்சம் கொஞ்சமா ரசிப்பு கலந்து இப்போ தொழில் முனைவோரைப் பாராட்டக் கூட போடுறாங்க. 1998ல ஒரு தீர்ப்புல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஸ்கேலியா இந்தச் சொல்லைப் போட்டார், அந்த அளவுக்கு ஊறிடுச்சு. உச்சரிப்பு முக்கியம், எழுத்தைப் பார்த்து சு-ன்னு ஆரம்பிக்கக் கூடாது, தொண்டையில இருந்து வர்ற ஹ, 2011ல ஒரு அமெரிக்க அரசியல்வாதி டிவியில அதை சூட்ஸ்பான்னு சொல்லி ஊர் முழுக்கப் பேச்சாச்சு. ஒரு ஆள் செஞ்சது அநியாயம்னும் தெரியுது, ஆனா எப்படிடா இவனுக்கு இது தோணிச்சுன்னு வாய் பிளந்தும் நிக்கிறோம், அந்தக் கலவைக்கு வேற சொல்லே இங்கிலீஷ்ல இல்ல.

மூணாவது, காலத்தைப் பாருங்க. சரித்திரக் கதையை மொழிபெயர்க்கிறவங்க இதை விட்டுடாதீங்க. 15, 16ஆம் நூற்றாண்டு வாடை வேணும்னா மாலபெர்ட்னு ஒரு அருமையான பழைய சொல் இருக்கு, மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்துல ராணி மார்கரெட் ஒரு பிரபுவை அதைச் சொல்லித்தான் அடக்குறா, நேத்து முளைச்ச பிரபு நீ, வாயை மூடுங்கிற தொனியில. அதோட உறவுக்காரச் சொல்லான பெர்ட் இன்னும் ஓரளவு உயிரோட இருக்கு. சாஸி, அதாவது சாஸ்ல இருந்து வந்தது, உப்பும் காரமுமா இருக்கிறவன், 16ஆம் நூற்றாண்டுல கடுமையான திட்டு. ஜூலியஸ் சீசர் நாடகத்தோட முதல் காட்சி ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், செருப்பு தைக்கிறவர் தன் தொழிலை வச்சு சிலேடையா பதில் சொல்லச் சொல்ல அதிகாரி கடுப்பாகி சாஸி ஃபெல்லோங்கிறான், அங்க அது விளையாட்டு இல்ல, கீழ் ஜாதிப் பயலுக்கு இவ்ளோ வாயாங்கிற கோபம்தான். அதே சொல் அமெரிக்காவுல 1830கள்ல ஸேஸின்னு திரிஞ்சு இன்னைக்கு பாராட்டாவே ஆகிடுச்சு, பிரிட்டன்ல சாஸி கொஞ்சம் ஆபாச வாடை அடிக்கிற கிண்டலுக்குப் போயிடுச்சு. அதனால இன்றைய கதையில திமிர் பிடிச்ச டிரைவரை சாஸின்னு எழுதாதீங்க, படிக்கிறவங்க வேற எதையோ நினைப்பாங்க. நல்ல டிக்ஷனரி எல்லாத்துலயும் முதல்ல எப்போ பதிவாச்சுன்னு வருஷம் போட்டிருப்பாங்க, கதை நடக்கிற வருஷத்துக்குப் பிந்தினதா இருந்தா உரையாடல்ல வைக்காதீங்க.

அடுத்து ஊர். நெர்வி அமெரிக்காவுல துணிச்சலானவன், பிரிட்டன்ல பதட்டக்காரன். போல்ட் அயர்லாந்துல சேட்டைக்காரப் பிள்ளை, "போல்ட் பாய்"னு அம்மா சொன்னா திட்டு, நம்ம சினிமா செய்தியில போல்டான சீன்னா உடையைப் பத்தின பேச்சு, வெளியூர்க்காரங்களுக்கு அது சட்டுனு புரியாது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் பேசுற இங்கிலீஷ்ல சீக்கி ஸ்னேக்னா விஷப்பாம்பு, சீக்கி டாக்னா கடிக்கிற நாய், குசும்புன்னு நினைச்சு கிட்டப் போயிடக் கூடாது. ஸ்பங்க் அமெரிக்காவுல துணிச்சல், பிரிட்டன்ல அது ஆண் விந்துக்கான கொச்சைச் சொல்லும் கூட, அதனால ரெண்டு ஊர்லயும் படிக்கப் போற எழுத்துல அதைத் தொடாம கிரிட்னோ பிளக்னோ போட்டுடுங்க.

கடைசியா சில சொற்களை எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும், இதை நான் ரொம்ப அழுத்தமாவே சொல்றேன். அப்பிட்டின்னு ஒரு சொல் 1880ல அச்சுல வருது, தன் இடம் தெரியாம மேல ஏறப் பார்க்கிறவன்னு அர்த்தம். அமெரிக்கத் தென் மாநிலங்கள்ல வெள்ளைக்காரங்க கறுப்பின மக்களைப் பார்த்து, தலை நிமிர்ந்து நடந்ததுக்காக, சொந்தக் கடை வச்சதுக்காக, ஓட்டுப் போட வந்ததுக்காக இதைச் சொன்னாங்க, அந்தச் சொல்லுக்குப் பின்னாடியே வன்முறையும் வந்தது. 2008 தேர்தல் நேரத்துல ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒபாமா தம்பதியை இப்படிச் சொல்லிப் பெரிய கண்டனம் வந்தது. சாதிக் கொடுமையைச் சொல்ற தமிழ்க் கதையில ஆதிக்கம் பண்றவன் வாயில "திமிரு ஏறிடுச்சு இவனுங்களுக்கு"ன்னு வந்தா அப்பிட்டி அங்க கச்சிதமா பொருந்தும், அந்த நஞ்சு முழுசா இறங்கும், ஆனா கதைசொல்லியோட சொந்தக் குரல்ல அது வரவே கூடாது.

பெண்களுக்கு மட்டும் ஒதுக்கி வச்ச சொற்களும் அப்படித்தான். ஹஸ்ஸிங்கிறது ஹவுஸ்வைஃப்ங்கிற சொல்லோட தேய்ஞ்ச வடிவம், குடும்பத்தலைவிங்கிறதே ஒழுக்கங்கெட்டவள்னு ஆகி நின்னுது, மின்க்ஸ், பெர்ட் எல்லாம் அதே வரிசை. ஃபெய்ஸ்டி பாராட்டு மாதிரி தெரியும், ஆனா அது குரைக்கிற குட்டி நாயோட பேர்ல இருந்து வந்தது, யாரைப் பார்த்துச் சொல்றாங்கன்னு கவனிங்க, பெண்களை, வயசானவங்களை, உயரம் குறைஞ்சவங்களை, இவங்க சண்டைக்கு நிக்கிறதே அதிசயம்ங்கிற மாதிரி. போராட்டத்துக்குத் தலைமை தாங்கின அம்மாவைப் பத்தி எழுதுறப்போ ஃபெய்ஸ்டி வேண்டாம், ஃபியர்லெஸ், டிஃபயன்ட், இல்ல நேரா கரேஜஸ்னே போடுங்க.

ஓவர்ஸ்மார்ட் பத்தியும் கேப்பாங்க. அது இந்திய இங்கிலீஷ், லண்டன்லயோ நியூயார்க்லயோ அந்த அர்த்தத்துல புழங்காது, அங்க டூ கிளவர் பை ஹாஃப்னோ ஸ்மார்ட் அலெக்னோ சொல்லுவாங்க. வெளிநாட்டுப் பாத்திரம் பேசினா அதை மாத்துங்க. ஆனா கோயம்புத்தூர் காலேஜ் வாத்தியார் பையனைப் பார்த்து இங்கிலீஷ்லயே "டோன்ட் ஆக்ட் ஓவர்ஸ்மார்ட்"னு சொன்னா எடிட்டர் சிவப்பு மையில வட்டம் போட்டாலும் விட்டுக் கொடுக்காதீங்க, அந்த வாத்தியார் நிஜமா அப்படித்தான் பேசுவார்.